வேலியைப் பதித்தால் குதிரை தப்புமா?

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை இரவு எட்டரை மணி. திருகோணமலைக் கடைத்தெருவிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு புக்கிக் கடை. வெளியே முச்சக்கரவண்டிகளின் ஹோர்ன் சத்தம், கடல் பக்கமிருந்து வரும் புழுக்கக் காற்று. உள்ளே சுவரில் மாட்டிய தொலைக்காட்சியில் லிவர்பூல் நகரின் மாலை நான்கு மணி வெளிச்சம். கிராண்ட் நஷனல் என்ற, குதிரைகள் வேலி தாண்டி ஓடும் பந்தயம் தொடங்கப் போகிறது. நான் காசு வைப்பவனில்லை. எனக்குத் தெரிந்த ஓர் ஐயா அங்கே நாற்பது வருடமாகப் போய்வருகிறார், அவரோடு கதைத்துக்கொண்டிருப்பதற்காகப் போனேன்.

"வேலியெல்லாம் பதிச்சுப் போட்டாங்கள் தம்பி. முந்தி நாற்பது ஓடினா பத்துத்தான் வந்து சேரும். இப்ப சவாரி மாடு மாதிரி எல்லாம் நேர வந்து சேருது" என்றார்.

அவருடைய குறையில் பாதி உண்மை. வேலிகள் இளகிவிட்டன, சில உயரம் குறைந்துவிட்டன, சில பள்ளங்கள் தூர்க்கப்பட்டுவிட்டன. ஆனால் தாண்டல் பந்தயம் சுலபமாகிவிட்டது என்ற மற்றப் பாதியை அப்படியே ஒப்புக்கொள்ள முடியாது. வேலியில் இருந்த ஆபத்து வேறிடத்துக்குப் போயிருக்கிறது. எங்கே போனது என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் குதிரை எப்படித் தாண்டுகிறது என்று பார்க்க வேண்டும்.

நம்மூர்க்காரருக்கு இதற்கு ஓர் உதாரணம் கண்முன்னாலேயே இருக்கிறது. பிரெட்ரிக் கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் புள்ளிமான்கள் திரிவதைப் பார்த்திருப்பீர்கள். மான் ஒரு மதிலுக்குக் கிட்டே வந்தால் நிற்கும், பார்க்கும், பிறகு நின்ற இடத்திலிருந்தே எழும்பும். அவசரமில்லை. பந்தயக் குதிரைக்கு அந்த வசதி கிடையாது. மணிக்கு நாற்பது, ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில், முதுகில் ஓர் ஆளோடு, இரண்டு பக்கமும் வேறு குதிரைகள் உரச, எந்த இடத்தில் காலைத் தரையிலிருந்து எடுப்பது என்று அது முடிவெடுக்க வேண்டும். அரை எட்டு முன்னே எடுத்தால் வேலியின் நெற்றியில் இடிக்கும். அரை எட்டுப் பிந்தினால் நெஞ்சு போய் வேலியில் முட்டும்.

போதாததற்குக் கண்ணும் ஒத்துழைக்காது. குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருக்கின்றன. தன் பின்பக்கம் வரை ஏறத்தாழச் சுற்றிவரப் பார்க்கும், ஆனால் நெற்றிக்கு நேர் முன்னால் ஒரு குருட்டுப் பகுதி உண்டு. கடைசிக் கணத்தில் வேலி அந்தப் பகுதிக்குள் போய்விடுகிறது. ஆகவே அது தாண்டுவது தான் பார்த்துக்கொண்டிருக்கும் வேலியை அல்ல, சற்று முன்பு பார்த்து மனதில் அளந்து வைத்த வேலியை. அந்த அளவைத் தெளிவாக எடுக்க உதவும் எதுவும் உயிர் காக்கும். குழப்பும் எதுவும் கழுத்தை முறிக்கும்.

வேலியின் உயரம் இதில் ஒரு பகுதி மட்டுமே. பிரித்தானியாவில் பெரிய தடைகளுக்கு ஆகக் குறைந்த உயரம் 4 அடி 6 அங்குலம். நல்ல உடல்வாகுள்ள குதிரைக்கு அது பெரிய விஷயமே இல்லை. வேலிக்கு முன்னால் பள்ளம் இருக்கிறதா, அப்பால் நிலம் பதிவா மேடா, தரை ஈரமா காய்ந்ததா, எத்தனை குதிரைகள் ஒன்றாக வருகின்றன, எவ்வளவு வேகத்தில் வருகின்றன, இவைதான் பரீட்சை. ஹேர்டில்ஸ் எனப்படும் சின்னத் தடைகள் மூன்றரை அடிதான், இடித்தால் சாய்ந்து கொடுக்கும். அவற்றில் குதிரைகள் குறைவாகத்தான் விழும். ஆனால் வேகம் அதிகம் என்பதால், விழுந்தால் அடி மோசம்.

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். தாண்டல் பந்தயத்தின் பிறப்பு அயர்லாந்தில் என்பார்கள். 1752இல் கோர்க் மாவட்டத்தில் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் சவால் விட்டு, ஓர் ஊர்த் தேவாலயக் கோபுரத்திலிருந்து அடுத்த ஊர்க் கோபுரம் வரைக்கும், இடையில் வந்த மதில், வேலி, வாய்க்கால் எல்லாவற்றையும் தாண்டி ஓடினார்கள். தூரத்திலே கோபுரம் தெரியும், வழி தெரியாது. கோபுரத்தைக் குறிவைத்து ஓடியதால்தான் ஆங்கிலத்தில் இன்றும் ஸ்டீப்பிள்சேஸ், அதாவது கோபுர ஓட்டம், என்ற பெயரே நிலைத்திருக்கிறது. அன்றைய வேலி கமக்காரன் ஆடு மாடு போகாதிருக்கக் கட்டிய வேலி. குதிரை வசதியை யாரும் யோசிக்கவில்லை.

கிராண்ட் நஷனலின் முதல் ஓட்டமாகக் கணக்கிடப்படும் 1839ஆம் ஆண்டுப் பந்தயத்திலும் ஏறக்குறைய இதே நிலைதான். உழுத வயல், கல் மதில், ஓடை. மார்ட்டின் பீச்சர் என்ற கப்டன் கொன்ராட் என்ற குதிரையோடு ஓர் ஓடைக்குள் விழுந்து, மற்றக் குதிரைகள் தலைக்கு மேலால் தாண்டிப் போகும்வரை தண்ணீருக்குள்ளேயே பதுங்கிக் கிடந்தாராம். அந்த இடத்துக்கு இன்றும் பீச்சர்ஸ் புரூக் என்றுதான் பெயர். வென்ற குதிரையின் பெயர் லொட்டரி. புக்கிக் கடைக்காரர்கள் தாங்களே வைத்தாலும் இதைவிடப் பொருத்தமாக ஒரு பெயர் வைத்திருக்க மாட்டார்கள். லொட்டரி எடுத்த நேரம் 14 நிமிடம் 53 செக்கன். 1990இல் மிஸ்டர் ஃபிரிஸ்க் என்ற குதிரை ஓடி முடித்தது 8 நிமிடம் 47.8 செக்கனில். அன்றைய பாதையும் இன்றைய பாதையும் ஒன்றல்ல, நேரடியாக ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் ஐயாவின் கேள்விக்கான பதில் இந்த இரண்டு எண்களுக்கு இடையில்தான் கிடக்கிறது. தடை இளகிய அளவுக்கு வேகம் ஏறியிருக்கிறது.

கிராண்ட் நஷனல் ஓடும் ஐன்ட்ரீ திடலின் இன்றைய பாதையில் 16 தடைகள். முதற் சுற்றில் பதினாறும் இரண்டாம் சுற்றில் பதினான்கும் என மொத்தம் 30 தாண்டல், ஏறத்தாழ 6.9 கிலோமீற்றர். வெளியே பார்த்தால் நம்முடைய அலம்பல் வேலி மாதிரியே இருக்கும். ஊசியிலை மரக் கிளைகளைச் செருகிப் பச்சைப் பசேலென்று நிற்கும். எங்கள் வீட்டு வேலியில் கிடுகுக்குப் பின்னால் கதியால் நிற்பதுபோல, அந்தக் கிளைகளுக்குப் பின்னால் நெடுங்காலமாக மரச்சட்டம் இருந்தது. மேல் கிளைகளை உரசினால் பரவாயில்லை, சட்டத்தில் கால் பட்டால் குதிரை குப்புற விழும்.

ஒவ்வொரு மாற்றமும் ஏதாவதொரு பேரிடிக்குப் பிறகே வந்திருக்கிறது. 1928இல் 42 குதிரைகள் ஓடின. கால்வாய் ஓரம் செங்கோணமாக இடப்பக்கம் திரும்பும் இடத்துத் தடையில், முன்னால் போன ஈஸ்டர் ஹீரோ என்ற குதிரை மேலேறி மாட்டிக்கொண்டது. பின்னால் வந்தவை முட்டி மோதிப் பள்ளத்துக்குள் விழுந்து, ஒரே களேபரம். கடைசியில் விழாமல் முடித்தது, வெல்லுமென்று யாரும் நம்பாமல் 100க்கு 1 விலை போன டிப்பெரரி டிம் மட்டும். இரண்டாவதாக வந்தது விழுந்து, மறுபடி ஏறி ஓட்டப்பட்ட குதிரை. அதன்பிறகு அந்தப் பள்ளத்தைத் தூர்த்துவிட்டார்கள். அடுத்த வருடமோ, 66 குதிரைகளை ஓட விட்டார்கள்! பள்ளம்தான் குற்றவாளி, நெரிசல் இல்லை என்று நினைத்தார்கள் போலும். குதிரைகளின் எண்ணிக்கை 40 என்று வரையறுக்கப்பட 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1961இல் செய்த மாற்றம் எனக்கு மிகவும் பிடித்தது. அதுவரை தடைகள் மதில்போல நேர் செங்குத்தாக நின்றன. அவற்றின் முன்பக்கத்தைச் சரிவாக்கினார்கள். உயரத்தில் கை வைக்கவில்லை. அடிப்பக்கம் குதிரையை நோக்கிச் சாய்ந்து வந்ததால், எங்கே கால் எடுக்க வேண்டும் என்ற அளவு குதிரைக்குப் பிடிபட்டது. மேலே சொன்ன கண்ணின் கதையை நினைத்துப் பார்த்தால், இது ஏன் உயரத்தைக் குறைப்பதைவிடப் புத்திசாலித்தனமான வேலை என்று விளங்கும்.

உயரம்தான் ஆபத்து என்ற எண்ணத்தை ஒரேயடியாக உடைத்துப்போட்டது 1967. பீச்சர்ஸ் புரூக்குக்கு அடுத்து வரும் 23ஆவது தடை, முழுப் பாதையிலும் மிகச் சிறியவற்றில் ஒன்று. ஜொக்கி இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு குதிரை அதன்முன் திடீரெனக் குறுக்கே திரும்பியது. வந்த குதிரைகள் ஒன்றன்மேல் ஒன்று மோதி நின்றன, திரும்பி ஓடின, வேலிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் மனிதரும் மிருகமும் சிதறிக் கிடந்தனர். மிகவும் பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்த ஃபொய்னாவன் என்ற குதிரைக்கு மட்டும் ஓர் இடைவெளி கிடைத்தது. அதுவும் 100க்கு 1. அதுவே வென்றது. இப்போது அந்தச் சின்னத் தடையின் பெயரே ஃபொய்னாவன். மிகப் பெரிய தடையான செயரின் உயரம் 5 அடி 2 அங்குலம், அதன்முன் 6 அடிப் பள்ளம் வேறு. ஆனாலும் இவ்வளவு பெரிய குழப்பம் நடந்தது அந்தச் சின்ன வேலியில்.

பீச்சர்ஸ் புரூக்கின் கதை வேறு. அங்கே வேலியைவிட அப்பால் உள்ள நிலம்தான் பிரச்சினை. தாண்டும் பக்கத்தைவிட இறங்கும் பக்கம் பதிவு. வெறும் படியில்லாத இடத்தில் படி இருக்கும் என்று காலை வைத்து விழுந்த அனுபவம் எல்லோருக்கும் இருக்கும், அதுதான் குதிரைக்கும் நடக்கிறது. 1989இல் அங்கே இரண்டு குதிரைகள் இறந்தபின் பள்ளத்தை நிரவினார்கள். 2011இலும் 2012இலும் முழு ஓட்டத்திலுமாக ஆண்டுக்கு இரண்டு குதிரைகள் என்று மீண்டும் இறப்புகள். 2011இல் இன்னொன்றும் நடந்தது. அடிபட்ட குதிரைகள் கிடந்ததால் முதன்முறையாக இரண்டு தடைகளைத் தாண்டாமல் பக்கவழியால் சுற்றி ஓடினார்கள். தொலைக்காட்சி பார்த்த உலகம் முழுவதும் கேள்வி கேட்கத் தொடங்கியது. இறங்கும் தரை மறுபடி நிரவப்பட்டது.

2013இல் மரச்சட்டத்துக்கே விடைகொடுத்தார்கள். உள்ளே வளைந்து கொடுக்கும் பிளாஸ்ரிக். கதியாலைப் பிடுங்கிவிட்டு இறப்பர்த் தடி நட்டதுபோல. ஐயா "பதிச்சுப் போட்டாங்கள்" என்று சொல்வது பெரும்பாலும் இந்த வேலையைத்தான். அதன்பின் 2018 வரை பிரதான ஓட்டத்தில் ஒரு குதிரையும் சாகவில்லை. எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். பிறகு 2019இல் முதல் தடையில் ஒன்று. 2021இல் ஒன்று, அதுவும் வேலியிலே அல்ல, இரண்டு வேலிக்கு நடுவிலே சமதரையில் ஓடும்போது கால் முறிந்து. 2022இல் இரண்டு. 2023இல் மறுபடி முதல் தடையில் ஒன்று. அந்த வருடம் மிருக உரிமைப் போராட்டக்காரர்கள் பாதைக்குள் இறங்கியதால் பந்தயமே பிந்தித் தொடங்கியது.

முதல் தடை ஏன்? அது ஒரு சாதாரண வேலி. ஆனால் அந்த வருடங்களில் அதற்குமுன் நீண்ட நேர் ஓட்டம், எல்லாக் குதிரையும் புதுத் தென்போடு இருக்கும் நேரம், நல்ல இடம் பிடிக்க எல்லா ஜொக்கியும் விரட்டும் நேரம். முப்பது வேலியில் ஆகக் கூடிய வேகத்தில் சந்தித்த வேலிகளில் அது ஒன்று.

கிண்ணியாவுக்குப் போய்வருபவர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. பாதை ஃபெரி இருந்த காலத்தில் அந்தப் பக்கம் அவசரப்பட்டு ஒரு பிரயோசனமும் இல்லை, வரிசையில் நின்றே ஆகவேண்டும். 2009இல் 396 மீற்றர் நீளப் பாலம் திறந்தார்கள். பெரிய நன்மை, மறுப்பதற்கில்லை. ஆனால் தடை போனதும் மோட்டார் சைக்கிள்காரர் பழைய வேகத்திலேயே ஓடவில்லை, கிடைத்த வசதியை வேகமாக மாற்றிக்கொண்டார்கள். ஜொக்கியும் அப்படித்தான். இடித்தால் விழமாட்டேன் என்று தெரிந்தால், அவர் வேலிக்கு மரியாதை கொடுத்துக் குதிரையை இழுத்துப் பிடிக்க மாட்டார். குதிரையும் படித்துக்கொள்ளும். நன்றாக எழும்பித் தாண்டுவதைவிட, கிளைகளுக்கு ஊடாகத் தட்டையாகப் பாய்ந்துபோவது வேகம் என்று அதற்கும் தெரியும்.

அமெரிக்காவின் மேரிலாந்தில் 1894இலிருந்து நடக்கும் ஹண்ட் கப் ஓட்டத்தில் இதன் மறுபக்கம் தெரியும். அங்கே தடை முழுக்கத் தடித்த மரவரிச்சு. துளிகூட வளையாது. பார்க்கவே பயமாயிருக்கும். அதனாலேயே குதிரைகள் மெதுவாக வந்து, வளைந்து, உயர எழும்பித் தாண்டும். செக் நாட்டின் பர்டுபிட்சே நகரில் 1874இல் தொடங்கிய ஓட்டத்தில் டக்ஸிஸ் என்ற ஒரு பேய்ப் பள்ளம் உண்டு. வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் அதைத் தாண்ட விடுவார்கள். 1990களில் அதன் ஆழத்தைக் குறைத்தார்கள், ஆனால் இன்றும் ஐரோப்பாவில் குதிரைக்காரர் பெயரைக் கேட்டதும் எச்சில் விழுங்கும் தடை அதுதான். கடினமான வேலி நல்லது என்று நான் வாதாடவில்லை. மேரிலாந்தில் தவறினால் விளைவு கொடூரம். வேலியின் கடினமும் ஓட்டத்தின் வேகமும் தராசின் இரண்டு தட்டு மாதிரி, ஒன்றை மட்டும் தொட முடியாது என்பதே நான் சொல்லவருவது. அவுஸ்திரேலியாவில் இந்தத் தராசைச் சரிப்படுத்தவே முடியாது என்று சில மாநிலங்கள் முடிவெடுத்துவிட்டன. தென் அவுஸ்திரேலியா 2022இல் தாண்டல் பந்தயத்தைச் சட்டம் போட்டு நிறுத்தியது. பக்கத்து விக்டோரியாவிலோ 33 தடைகள் கொண்ட வார்ணம்பூல் ஓட்டம் இன்னும் நடக்கிறது.

அதே 2022இல் பிரித்தானியாவில் சத்தமில்லாமல் ஒரு மாற்றம் நடந்தது. தடைகளின் அடிப்பலகைகளும் ஹேர்டில்களின் சட்டங்களும் பல காலமாகச் செம்மஞ்சள் நிறம். மனிதக் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். குதிரைக்கோ நிறம் பிரிக்கும் உணர்வு நம்மைவிடக் குறைவு. செம்மஞ்சளும் பச்சைப் புல்லும் அதற்கு ஏறக்குறைய ஒரே மாதிரி. எக்ஸெற்றர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் குதிரைகளை வெவ்வேறு நிறத் தடைகளில் தாண்டவிட்டுப் பார்த்தார்கள். நிறம் மாறியபோது குதிரை எழும்பும் கோணமும் தூரமும் மாறின. அதன்பின் செம்மஞ்சளை எடுத்துவிட்டு வெள்ளைக்குப் போனார்கள். யோசித்துப் பாருங்கள், இத்தனை வருடமாகத் தாண்டுகிற குதிரைக்குத் தெரியாத நிறத்தை, தாண்டாத மனிதருக்காகப் பூசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

பிறகு 2024. குதிரைகளின் எண்ணிக்கை 40இலிருந்து 34 ஆனது. 11ஆவது தடையில் 2 அங்குலம் குறைந்தது. எல்லாவற்றிலும் முக்கியமானது, முதல் தடையைத் தொடக்கக் கோட்டுக்கு 60 யார் கிட்டே கொண்டுவந்தார்கள். வேலி அதே வேலிதான், அதற்குமுன் வேகம் எடுக்க இடமில்லாமல் செய்துவிட்டார்கள். பந்தய நேரத்தையும் மாலை ஐந்தேகாலிலிருந்து நான்குக்கு மாற்றினார்கள். நம்முடைய ஒன்பதே முக்கால் எட்டரையானது அப்படித்தான். அந்த வருடம் 32 குதிரைகள் ஓடின, 21 முடித்தன. ஜொக்கிகள் நான்கு பேர் தவறி விழுந்தார்கள், ஏழு குதிரைகளை இடையில் நிறுத்தினார்கள். ஆனால் ஒரு குதிரைகூட வேலியில் விழவில்லை. ஐயா கடுப்பானது அந்த இரவில்தான்.

2025இல் செலெப்ர டாலன் என்ற 13 வயதுக் குதிரை கடைசிக் கட்டம்வரை முன்னணியில் ஓடியது. எந்த வேலியிலும் விழவில்லை. களைத்துப்போய்ப் பாதையிலேயே சரிந்து, சில நாளில் இறந்தது. வேலியின்மேல் பழிபோட அங்கே ஒன்றுமில்லை. தென்பு தீர்ந்த குதிரையை எந்த இடத்தில் நிறுத்துவது என்பது ஜொக்கியின் கையில் இருந்தது.

நம் நாட்டில் இன்று இந்தத் தலைவலி இல்லை. கொழும்பு குதிரைப் பந்தயத் திடல் 1942இல் யுத்த விமான ஓடுபாதையாகியது, அதே வருடம் ஏப்ரலில்தான் திருகோணமலையிலும் ஜப்பான்காரன் குண்டு போட்டான். இப்போது அங்கே கடைத்தொகுதியும் ரக்பி மைதானமும். நுவரெலியாவில் ஏப்ரலில் ஓடுவது சமதரைப் பந்தயம். நெடுந்தீவுக் குதிரைகளுக்குத் தாண்ட வேண்டிய கட்டாயமே இல்லை, அங்கே உள்ள பவளக்கல் மதில்களுக்கு ஓரமாக நின்று புல் மேய்கின்றன.

ஐயாவிடம் போன கிழமை கேட்டேன், வேலியெல்லாம் பதிந்துவிட்டது என்கிறீர்களே, இப்போது எப்படிக் குதிரை தெரிவு செய்கிறீர்கள் என்று. முன்பெல்லாம் றேஸ் பேப்பரில் எந்தக் குதிரை எத்தனை தரம் விழுந்தது என்றுதான் முதலில் பார்ப்பாராம். இப்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் முதலில் விரல் வைத்தது தரை ஈரமா, இறுக்கமா என்று போட்டிருந்த வரியில்.